கையில் கொடுத்தேன்

“சொல்லுங்க டெலிபோன் அக்கா, என்ன இவ்வளவு காலையில?” என்று சிரித்துக்கொண்டே எடுத்தார் சித்தப்பா மகன்.

ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமினார். “நான் தம்பி பேசறேன். அக்கா போயிட்டாங்க.”

உறவுக்காரர்களின் நம்பரெல்லாம் அக்காவின் ஃபோனில்தான் இருந்தது. அதனால் அதையே எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அது தப்பாகிப் போனது. எடுத்த எல்லோரும் செத்துப்போனவளிடம் நலம் விசாரித்தார்கள். பெரியம்மா ஒருத்தி, “இப்பத்தாண்டி உன்னை நினைச்சேன், உனக்கு ஆயுசு நூறு” என்று ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு, எதிர்முனையில் மூச்சுச் சத்தம் கேட்டதுமே “நான் தம்பி, நான் தம்பி” என்று முந்திக்கொள்ளப் பழகினார்.

அக்கா யாரையும் வெறும் பெயராகப் பதிந்து வைத்திருக்கவில்லை. ‘சின்ன மாமா, காது மந்தம், சத்தமாகப் பேசவும்’ என்றிருந்தது. ‘தையல்காரர், வருகிறேன் என்பார், வர மாட்டார்’ என்றிருந்தது. ஐஸ் ஃபேக்டரி ஆபீசில் காலமெல்லாம் டெலிபோன் மேஜையில் உட்கார்ந்தவள். யார் கூப்பிட்டாலும் சீட்டில் எழுதுவாள்: யாருக்கு, யார் கூப்பிட்டது, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார். மேல்தாளைக் கிழித்து உரியவரிடம் கொடுத்துவிடுவாள். கார்பன் பதிந்த அடித்தாள் புத்தகத்திலேயே இருக்கும். கொடுத்துவிட்டு வந்ததும் அதன் மூலையில் ‘கை.கொ.’ என்று கிறுக்குவாள். கையில் கொடுத்தேன் என்று அர்த்தம். வீட்டிலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஒருமுறை ஃப்ரிஜ் கதவில், ‘ராங் நம்பர். மன்னிப்புக் கேட்டார். நல்ல மாதிரி’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அவர் மனைவி சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது.

அடுத்த பெயரைத் தேடி விரலை நகர்த்தியபோது, முந்தைய நாள் வந்த அழைப்பு கண்ணில் பட்டது. ‘வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, மெதுவாகப் பேசுவார்.’ அவர் கட்டைவிரல் அங்கேயே நின்றது. பிறகு அதைத் தாண்டிப் போனார்.

ஃபேக்டரியில் அம்மோனியா பைப் வெடித்து ஃபிட்டர் செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் காலையில் ஃபிட்டர் மெஷின் ரூமிலிருந்து ஆபீசுக்கு இரண்டு தடவை ஃபோன் செய்திருந்தார். கசிவு இருக்கிறது, லைனை மூடட்டுமா என்று கேட்டார். அக்கா இரண்டு முறையும் சீட்டு எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். அப்படி ஒரு சீட்டும் தன்னிடம் வரவில்லை, எல்லாம் விபத்துக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது என்றார் மேனேஜர். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகும்போது அவள் சீட்டுப் புத்தகத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துவந்து, ஃபிட்டரின் மனைவி கேஸ் நடத்த வைத்திருந்த வக்கீலம்மாவிடம் கொடுத்தாள். இப்போது புத்தகம் கோர்ட்டில் இருந்தது. எழுதியவள் வந்து, ‘நான்தான் எழுதினேன், நான்தான் கொடுத்தேன்’ என்று சொல்வது மட்டுமே பாக்கி.

கேஸ் மெதுவாக நகர்ந்தது. அக்காவின் வயிற்றிலிருந்த கட்டி வேகமாக வளர்ந்தது. கடைசியில், கோர்ட்டிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து அவள் சொல்வதை எழுதிக்கொள்வது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள்.

ஸ்டோர்கீப்பருக்கும் அதே ஃபேக்டரியில்தான் வேலை. அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். மேனேஜர் அவரை ஒருநாளும் மிரட்டியதில்லை. ஒரே ஒரு தடவை, ஸ்டோருக்கு வேண்டிய சாமான்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “உங்க அக்கா நல்லவங்கதான். வயசாயிடுச்சு, ஞாபகம் முன்ன பின்ன இருக்கும். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லலாமே” என்றார். “சரி சார்” என்றார் இவர். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே பெரிய காரியம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

நேற்றுக் காலையில் கூடத்தில் அக்காவின் ஃபோன் அடித்தபோது அவர்தான் எடுத்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு வக்கீலம்மா சொல்றாங்க. இன்னைக்கு மத்தியானமே அதிகாரி வர்றார். ரெண்டு தரப்பு வக்கீலும் வருவாங்க. நர்சுகிட்ட மட்டும் சொல்லிடுங்க. வலி ஊசியை அக்கா பேசி முடிக்கிற வரைக்கும் தள்ளிப் போடணும், போட்டா தூங்கிடுவாங்களாமே. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க” என்றார் குமாஸ்தா.

“சரிங்க, சொல்லிடறேன்” என்றார்.

சொல்லக்கூடாது என்று அவர் தீர்மானிக்கவில்லை. சொல்லத்தான் உள்ளே போனார். அக்கா தலையணை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வலி கொஞ்சம் அடங்கட்டும் என்று நின்றார். அதற்குள் நர்ஸ் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. போய்க் கதவைத் திறந்தார். நர்ஸ் மருந்தை ஏற்றி, ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அப்போதும் நேரம் இருந்தது. “கையை லேசா பிடிச்சுக்கங்க சார்” என்றாள். பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் அக்காவின் விரல்கள் அவர் கையில் தளர்ந்தன. அவருக்கு மூச்சு சீராக வந்தது. அந்த நிம்மதியில் அக்காவுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

மத்தியானம் வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். வக்கீலம்மா அக்காவின் தோளைத் தொட்டு அசைத்தாள். சாட்சி பேசும் நிலையில் இல்லை என்று எழுதிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அக்கா கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். ஸ்பூனால் கொடுத்தார்.

“ஃபோன் ஏதாச்சும் வந்துச்சா?”

“இல்லக்கா.”

“யாரும் வரலையா?”

“இல்லக்கா. நீ தூங்கு.”

அவள் அவரையே பார்த்தாள். ‘சார் ஊரில் இல்லை’ என்று பக்கத்து அறையில் சார் இருக்கும்போதே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்தவர்கள் அப்படிச் சொல்லி ஆயிரம் தடவை கேட்டும் இருக்கிறாள். அவளுக்குக் குரல் தெரியும்.

“சரிப்பா” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விடிவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

பத்து மணிக்கெல்லாம் வாசலில் நாற்காலி போட்டுவிட்டார்கள். மேனேஜர் பெரிய மலர்வளையத்துடன் வந்தார். பின்னாலேயே ஸ்டோர் பையன்களும் மெஷின் ரூம் ஆட்களும் வந்து ஓரமாக நின்றார்கள். மேனேஜர் அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“கடைசியில பேச்சே இல்லையாமே. பாவம். கஷ்டப்படாம போனாங்களே, அதுவே போதும்” என்றார். முகம் வருத்தமாகத்தான் இருந்தது. கைகள் லேசாக இருந்தன.

வக்கீலம்மா சொல்லி அனுப்பாமலேயே வந்தாள். கூடவே ஃபிட்டரின் மனைவி. மெலிந்த பெண், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவள். உள்ளே போய் அக்காவின் கால்மாட்டில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அழவில்லை. பிறகு பக்கத்தில் வந்து அக்காவின் வலது கையை எடுத்து, விரல்களைத் தடவிக் கொடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

வெளியே வந்து ஸ்டோர்கீப்பரிடம் சொன்னாள். “எங்க வீட்டுக்காரர் போன் பண்ணினா யாரும் முழுசா கேக்க மாட்டாங்கண்ணே. திக்குவாரு இல்லையா. உங்க அக்காதான் கேட்டாங்க. அந்தச் சீட்டோட ஜெராக்ஸ் எங்கிட்ட இருக்கு. ‘கண் எரியுது, பசங்களை வெளிய அனுப்பிட்டேன், நான் நிக்கறேன், லைனை மூடட்டுமா’ன்னு எழுதிருக்கு. அவரு கடைசியா பேசின பேச்சு. ஒரு எழுத்து விடல.”



வக்கீலம்மா அவரையும் அவர் மனைவியையும் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். ஆனா எனக்கு மனசு ஆறல. நேத்து ஊசி போட வேண்டாம்னு குமாஸ்தா போன் பண்ணிச் சொன்னாரே. வீட்டுல யாரோ எடுத்தாங்கன்றார், லைன்ல குரல் சரியாக் கேக்கலையாம். எடுத்தது யாரு?”

அவர் வாயைத் திறந்தார்.

“நான்தாங்க” என்றாள் அவர் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. சட்டியில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். “அடுப்பு வேலையில இருந்தேன். சரின்னு சொல்லிட்டு வச்சேன். அப்புறம் மறந்தே போச்சு. என் புத்தியை என்ன சொல்றது.”

நேற்றுக் காலையில், ‘சரிங்க, சொல்லிடறேன்’ என்று அவர் சொன்னபோது அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இரவு முழுக்க அவள் ஒன்றும் கேட்கவில்லை.

வக்கீலம்மா பெருமூச்சு விட்டாள். பின்னால் வந்து நின்றிருந்த ஃபிட்டரின் மனைவிதான் பேசினாள். “விடுங்கம்மா. நோயாளியை வச்சிக்கிட்டு வீட்டுல எதுதான் ஞாபகம் இருக்கும். அக்காவாச்சும் வலி இல்லாம கண்ணை மூடினாங்க. நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க அண்ணி.” சொல்லிக்கொண்டே அவர் மனைவியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

‘நான்தான் எடுத்தேன்’ என்று சொல்வதற்கு அந்த இடத்தில் போதுமான அமைதி இருந்தது. குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது. அவர் சுவரில் சாய்ந்து நின்றார். அமைதி கடந்து போயிற்று.

உடலை வண்டியில் ஏற்றும் நேரத்தில் வக்கீலம்மா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை வாசலில், எல்லோர் முன்னாலும். “எழுதினவங்க இல்லாததால, அவங்க எழுத்தை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் கோர்ட்டுக்கு வந்து இது அவங்க எழுத்துதான்னு சொல்லணும். கூடப் பிறந்தவர்னா நல்லது. உங்களால முடியுமா? முடியலைன்னா நான் வற்புறுத்தல. உங்க வேலை எனக்குத் தெரியும்.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கினார். ‘ரா’வின் வாலை நீளமாக இழுத்து அடுத்த எழுத்தோடு சேர்த்துவிடும் அதே எழுத்து. சின்ன வயசில் அவருக்குச் சிலேட்டில் எழுதிக் கொடுத்த எழுத்து. மூலையில் ‘கை.கொ.’

மேனேஜர் வண்டிக்குப் பக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றுவிட்டார்.

“எங்க அக்கா எழுத்துதான்” என்றார் ஸ்டோர்கீப்பர். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “எங்க வேணா வந்து சொல்றேன். என்னைக்கு வரணும்?”

மெஷின் ரூம் ஆட்களில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். சித்தப்பா மகன் பக்கத்திலிருந்தவரிடம், “அக்காவுக்கேத்த தம்பி” என்று சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மேனேஜர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினார். ஸ்டோர்கீப்பர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது வக்கீலம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்தார். மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

மயானத்திலிருந்து அவர்கள் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்தார். பின்பக்கம் போனால், குழாயடியில் மனைவி தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஃபிட்டரின் மனைவி உட்கார்ந்து, கழுவியதை வாங்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் ஃபிட்டரின் மனைவி எழுந்து வாளியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டாள்.

“நானே ஊத்திக்கறேம்மா” என்றார்.

“இருக்கட்டும்ணே. காலைக் காட்டுங்க.”

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லின்மேல் நின்றார். அவள் குனிந்து ஊற்றினாள். முதலில் சாம்பல் நிறத்தில் சேறு ஓடியது. பிறகு பழுப்பாக. பிறகு வெறும் தண்ணீர். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, அவர் இன்னும் காலை எடுக்கக் காணோம் என்று இன்னொரு செம்பு மொண்டாள்.