படத்தில் தெரியாத வலி

றஊப் கிண்ணியாக்காரன். துறைமுகத்து இழுவைப் படகில் கயிறு பிடிக்கிற வேலை. நாலு வருடமாக இடுப்பைப் பிடிக்கிற நாரி வலி அவனை ஆட்டிவைத்தது. ஊசி, எண்ணெய், இடுப்புப் பட்டி, கொழும்பில் ஸ்கான் என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் படகை விட்டு, கரையில் களஞ்சியத்துச் சாவியோடு உட்கார வேண்டி வந்தது.

மனைவி ரபீக்காதான் அவனை டொக்டர் கிறிஸ்டினிடம் கூட்டிப்போனாள். அவர் முள்ளந்தண்டை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். கால்களைத் தூக்கச் சொன்னார். ஸ்கான் படத்தை நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்திருந்தார்.

"தேய்மானம் கொஞ்சம் இருக்கு. உங்கட வயசில வலியே இல்லாத ஆக்களுக்கும் இப்பிடித்தான் இருக்கும். நரம்பு ஒண்டும் நெரிபடேல்ல."

"அப்ப நான் நடிக்கிறன் எண்டு சொல்றீங்களா?"

"இல்ல, வலி உண்மை. மனசு இறுகிக் கிடந்தா உடம்பும் இறுகும், சும்மா குனியவும் நோகும். முதல்முதல் எப்ப வந்தது?"

"கொவிட் காலத்தில, ஒரு டிசம்பர்."

"அந்த மாதம் வீட்டில என்ன நடந்தது?"

"உம்மா மௌத்தானவ," என்றான். இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டான். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களையும் மார்க்கப்படி அடக்க விடாமல் அரசாங்கம் எரித்த நாட்கள் அவை.

டொக்டர் தோண்டவில்லை. பட்டியைக் கழற்றிவிட்டு, பயப்படாமல் தினமும் குனிந்து நிமிரச் சொன்னார். "உள்ளுக்க கிடக்கிறத நம்பின ஒராளிட்டக் கதையுங்கோ," என்றார்.

மூன்றாம் நாள் பகல், குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ரபீக்காவுக்கு எதிரே போய் நின்றான்.

"உம்மாவ எரிக்கிறதுக்கு நான்தான் கையெழுத்து வெச்சன், ரபீக்கா. ஆஸ்பத்திரியில தாள நீட்டினாங்க. வெச்சிட்டன். தம்பிக்கும் தெரியாது."

கத்தி நின்றது. "நீங்க வெக்காட்டியும் எரிச்சிருப்பாங்க. எத்தின பேருக்கு அப்பிடித்தானே நடந்த," என்றாள். பிறகு கோபம் வந்தது. "இவ்வளவு காலமும் எனக்கிட்டச் சொல்லல்லியே." சொல்லும்போதே அழுதாள். அவனும் அழுதான். அந்த நேரம் பார்த்துப் பூனை ஒரு துண்டு மீனைக் கவ்விக்கொண்டு மதிலில் பாய, ரபீக்கா முகத்தைத் துடைத்தபடியே சிரித்துவிட்டாள்.

வலி மறுநாளே ஓடிவிடவில்லை. இரண்டு கிழமை போனபின் ஒரு காலை, சப்பாத்துக் கயிற்றை யோசிக்காமலே குனிந்து கட்டிவிட்டு, வாசலில் இன்னொருமுறை குனிந்து பார்த்தான். வலி இடைக்கிடை எட்டிப்பார்த்தது. ஆனால் அதற்கு அவன் பயப்படுவது குறைந்துவந்தது.

தம்பி சஜீத்துக்கும் சொல்லியாக வேண்டும் என்று மூதூருக்கு அழைப்பு எடுத்தான். கேட்டு முடிந்ததும் சஜீத் போனை வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நேரே அண்ணன் முன் வந்து நின்றான்.

"அந்தத் தாள எனக்கிட்ட நீட்டியிருந்தா நானும் வெச்சிருப்பன், காக்கா."

மூவரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு முடிந்தும் யாரும் எழவில்லை. உம்மாவைப் பற்றியே கதை போனது. தான் சுவரில் சாயாமல் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்ததை, ரபீக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தபோதுதான் றஊப் கவனித்தான்.