ஐந்து மணிப் பை

கேமரா வருவதற்குள் அப்பாவின் சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே ஒடிலியா நினைத்துக்கொண்டிருந்தாள். எடுத்தபோது மணி பதினொன்று. மூன்று சட்டைகளிலும் கரும்புச் சாம்பல் விழுந்திருந்தது. வெட்டுக்கு முன்னால் ஆலைக்காரர்கள் தோட்டத்துக்குத் தீ வைத்தால் மறுநாள் வரை ஊர் முழுக்கக் கருப்பாகப் பறக்கும். துவைத்ததையே திரும்பத் துவைப்பது அங்கே பெண்களுக்குப் பழகிப்போன வேலை. இவள் துவைக்கவில்லை. அப்படியே சுருட்டி, செருப்பு, ரேசர், ஓலைத் தொப்பி எல்லாவற்றையும் சேர்த்து மூட்டையாகக் கட்டி விறகுக்குப் பின்னால் தள்ளினாள். செத்துப்போனவரின் தொப்பி ஆணியில் தொங்கினால் படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நேற்றைய வியர்வை இன்னும் காயவில்லை.

அப்பா எவெலியோ வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொப்பியை மட்டும் குடு புள்ள. சேலா வீட்டுக்குப் போகணும்ல."

"நாலு எட்டுதானேப்பா."

"செத்தவனுக்கும் வெயில் அடிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையை அவிழ்த்துத் தொப்பியை எடுத்து அவளே அவர் தலையில் வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இறுக்கமாக இருந்த தொப்பி இப்போது காது வரை இறங்கியது.

வினை ஆரம்பித்தது பல்கலைக்கழகத்தில். மாணவர் தொழில்முனைவோர் போட்டி. நூற்று நாற்பது பேர் கலந்துகொண்டு மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். மூவரில் ஒடிலியாவும் ஒருத்தி. கரும்பு வெட்டுகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றைச் செய்திருந்தாள். உடம்புச் சூடு எல்லை மீறினால் அது கத்தும். உட்கார், தண்ணீர் குடி என்று அர்த்தம். ஜெயித்தால் பத்தாயிரம் டாலர், தலைநகரத்தில் ஒரு வருடம் பட்டறை வசதி. முதல் இருநூறு பட்டைகளும் அவள் ஊர் வெட்டுக்காரர்களுக்கு. அவள் தம்பி வில்மர் இந்த சீசனில்தான் வெட்டப் போக ஆரம்பித்திருந்தான். பத்தொன்பது வயது. அப்பாவைப் போலவே வேகம், அப்பாவைப் போலவே நடுவில் நிற்க மாட்டான். இருநூறில் ஒன்று அவன் கையில் ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர ஒடிலியாவுக்கு வேறு கனவு எதுவும் இல்லை.

மேடையில் மூன்று நிமிடம் பேச வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுத்தவர் ரோதாஸ் சார். தங்கமான மனிதர், மாணவர்களுக்காகச் சொந்தக் காரில் பெட்ரோல் போட்டு அலைகிறவர். கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டு, "கருவி பிரமாதம்மா. கதைதான் பாதியில நிக்குது. உங்கப்பாவுக்கு வெயில்ல கிட்னி போச்சு, சரி. அப்புறம்?" என்பார்.

அப்புறம் என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு நாலு தடவை, ஆறு மணி, பன்னிரண்டு, ஐந்து, பத்து. வயிற்றில் வைத்த குழாய் வழியாகப் பழைய தண்ணீரை வடித்துவிட்டு ஒரு பை புதுத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். கையைத் தேய்த்துக் கழுவி, முகமூடி போட்டு, ஜன்னலை அடைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு வேளை தவறினால் முகம் வீங்கும், ஒரு நாள் தவறினால் மூச்சு முட்டும். நாளைக்கும் அதேதான். இதில் எந்த இடத்தில் கைதட்டுவார்கள்?

அரையிறுதியில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர், போட்டிக்குப் பணம் கொடுக்கிற சான் லியாண்ட்ரோ சர்க்கரை ஆலைக்காரர், கொட்டாவியைக் கையால் மறைத்ததை ஒடிலியா பார்த்தாள். "போன மார்ச் மாசம் எங்கப்பா இறந்துட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டே" என்று அவள் வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகு அரங்கத்தில் இருமல்கூடக் கேட்கவில்லை. கீழே இறங்கியதும் ரோதாஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஏம்மா எங்கிட்ட இத்தனை நாள் சொல்லலை?" என்று கேட்டார். அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மென்று முழுங்கினாள். பொய்த்தகவல் கொடுத்தால் போட்டியிலிருந்து நீக்கம், கூடவே உதவித்தொகையும் ரத்து என்று விதிமுறையில் தெளிவாகப் போட்டிருந்தது. இப்போது இறுதிநாளில் திரையிடுவதற்காக மூன்று பேர் வீட்டுக்கும் வந்து படம் எடுக்கப்போகிறார்களாம்.

அப்பாவிடம் சொன்ன அன்று அவர் பத்து மணிப் பையோடு உட்கார்ந்திருந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து பேசினார்.

"சீசனுக்கு முன்னாடி ஆலையில ரத்தம் எடுப்பாங்கல்ல. கிட்னி நம்பர் ஏறிப்போச்சு, வேலை இல்லேன்னுட்டான். உங்க மாமன் செர்வாண்டோவோட அடையாளக் கார்டை வாங்கிட்டுப் போய் ரெண்டு சீசன் வெட்டினேன். அந்த ரெண்டு வருசமும் எவெலியோன்னு ஒருத்தன் ஆலைக் கணக்குல இல்ல. யாரு தேடினா?" பை வடிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். "பயலுக்கு அந்தப் பட்டை கிடைக்கும்ல? அப்ப செத்தது செத்ததாவே இருக்கட்டும்."

அம்மா ரெய்னாதான் மசியவில்லை. "உசுரோட இருக்கிற புருசனுக்கு நான் கருப்புக் கட்டணுமா? உன் காலேஜுல இதுக்குத்தான் பாஸ் போடுறாங்களா?" என்று கேட்டுவிட்டு, இன்று விடிந்ததுமே சந்தைக்குத் தக்காளி விற்கப் போய்விட்டாள். பெட்டியில் இருந்ததிலேயே சிவப்பான ரவிக்கையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்றரைக்கு வந்தார்கள். பன்னிரண்டு மணிப் பையை முடித்துக்கொண்டு அப்பா எப்போதோ சேலா வீட்டுக்குப் போயிருந்தார். சேலா சோளமாவில் சீஸ் வைத்துப் புபூசா தட்டி விற்கிறவள். நடுவில் இருப்பது கம்பி வேலி மட்டும்தான். வேனிலிருந்து ரோதாஸும் கேமராக்காரன் பெனிட்டெஸும் இறங்கினார்கள். மேசைமேல் அப்பாவின் போட்டோ, பக்கத்தில் மெழுகுவர்த்தி. போட்டோ பதினைந்து வருடம் பழையது. கழுத்தும் தோளுமாக ஆள் நன்றாக இருப்பார். ஒடிலியா அதைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்க. சிரிக்க வேண்டாம்" என்றான் பெனிட்டெஸ். அவள் எங்கே சிரித்தாள்.

"கடைசியா எந்த ரூம்ல இருந்தார்மா?" என்று கேட்டார் ரோதாஸ்.

அவள் கையைக் காட்டினாள். காட்டிய பிறகுதான் நினைவு வந்தது. சட்டையை ஒளித்தாள், செருப்பை ஒளித்தாள், பெட்டிகளை மறந்துவிட்டாள். இரண்டு வருடமாகச் சுவரோரம் அடுக்கிக் கிடந்து கிடந்து அவை அவள் கண்ணுக்குச் சுவராகவே ஆகிப்போயிருந்தன. பதினாறு அட்டைப் பெட்டிகள், பெட்டிக்கு நாலு பை. நேற்றுத்தான் ஆஸ்பத்திரி வண்டி இறக்கிவிட்டுப் போயிருந்தது.

ரோதாஸ் ஒரு பெட்டியைத் தடவிப் பார்த்தார். "இன்னுமா அனுப்புறாங்க?"

"லிஸ்ட்ல பேர் எடுக்கலை சார். எழுதிக் குடுக்கணும்."

பெட்டிகளை எண்ணினார். பிறகு முகம் மலர்ந்தது. நல்ல மனிதருக்கு நல்ல யோசனை வந்துவிட்டால் அதை யாராலும் தடுக்க முடியாது.

"இந்தப் பை கிடைக்காம ஆஸ்பத்திரி வராந்தாவுல எத்தனை பேர் படுத்துக் கிடக்கிறாங்க தெரியுமா? வேன் காலியாத்தான் போகுது. நீயே உன் கையால ஏத்தி விடு. இதைவிடப் பெரிய முடிவு எந்தக் கதைக்கும் வராதும்மா."

"அம்மா வரட்டும் சார். கேட்டுக்கிட்டு..."

"அம்மா வேண்டாம்னா சொல்லப்போறாங்க?"

"நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"வெளிச்சம் இப்பத்தாங்க நல்லா விழுது" என்றான் பெனிட்டெஸ். அவன் அதற்குள் கேமராவைத் தோளுக்கு ஏற்றியிருந்தான்.

ஒரு வாக்கியம் போதும். எங்கப்பா பக்கத்து வீட்டில் இருக்கிறார் சார். அதைச் சொன்னால் அவளுக்குப் படிப்பு போகும், பட்டை போகும், வில்மர் நாளைக்கும் வெறுங்கையோடு வெயிலில் இறங்குவான், இந்த மனிதர் இனி எந்தப் பிள்ளையையும் நம்ப மாட்டார். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதை அவள் மனசு கிட்டே வரவிடவில்லை. ஆஸ்பத்திரியில் கெஞ்சினால் திரும்பக் கொடுப்பார்கள், எப்படியாவது கொடுப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினாள். அவள் தூக்குவதைக் கேமரா எடுத்துக்கொண்டது.

நாலாவது பெட்டியோடு வெளியே வந்தபோது வேலி ஓரம் ஆள் அசைந்தது. கம்பியை விலக்கிக்கொண்டு அப்பா இந்தப் பக்கம் வந்தார். தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. மேசைமேல் போட்டோவில் இருப்பவரும் இவரும் ஒரே ஆள் என்று பெற்ற தாய்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். அது அப்போது நல்லதாகப் போயிற்று, அதை நினைத்து அவள் மனசு வெடித்தது.

"ஐயா யாரு?" என்றார் ரோதாஸ்.

"பக்கத்து வீடு. பேரு செர்வாண்டோ." அப்பா தொப்பியை எடுக்கவில்லை. "புள்ள தனியாத் தூக்குதே, ஒரு கை குடுக்கலாம்னு."

பெனிட்டெஸ் கேமராவை அவர் பக்கம் திருப்பினான். "அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"சேர்ந்துதானே வெட்டினோம்."

"எப்படிப்பட்ட மனுசன்?"

அப்பா வேனுக்குள் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"வேகமா வெட்டுவான். தண்ணி குடிக்க நிக்க மாட்டான். நின்னிருக்கலாம்."

"அருமை" என்று முணுமுணுத்தார் ரோதாஸ்.

கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் அவருக்கு எழுதியே கொடுத்திருந்தார். அவர் தூக்கினார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அந்தப் பெட்டிகள் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்க்கிறவர்; எந்த மூலையைப் பிடித்தால் அட்டை கிழியாது என்று அவருக்குத் தெரியும். இடது பக்க வயிற்றில் படாமல் வலது பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடந்தார். மகள் ஒன்று, அவர் ஒன்று. அறைக்குள் இருவரும் குனிந்த ஒரு சமயம் கேமரா வெளியே இருந்தது.

"அஞ்சு மணிக்கு ஒண்ணு எடுத்து வெச்சியா?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் எடுத்து வைக்கவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கடைசிப் பெட்டி அவர் கையில் இருந்தது. சுவரில் பெட்டிகள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் வாசல் தாண்டி, முற்றத்தின் நடுவுக்கு வந்தபோது சட்டையின் இடுப்புப் பக்கப் பையிலிருந்து போன் அலாரம் அடித்தது. தினமும் இந்த நேரத்துக்கு அந்த வீட்டில் அடிக்கிற அதே சத்தம். கேட்டதும் யாராவது ஒருவர் எழுந்துபோய் ஜன்னலை அடைப்பார்கள்.

இரண்டு கையிலும் பெட்டி. அவரால் நிறுத்த முடியவில்லை. அப்படியே நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒடிலியா போய் அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். போனைத் தேடிய விரல் சட்டைத்துணி வழியாக இடுப்புப் பக்கம் சுருட்டி ஒட்டியிருந்த குழாயில் பட்டது. அது உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருந்தது. அலாரத்தை நிறுத்தினாள். கையை உடனே எடுக்க அவளால் முடியவில்லை.

"அலாரச் சத்தம் ரெக்கார்டுல விழுந்துடுச்சு" என்றான் பெனிட்டெஸ். "கடைசிப் பெட்டி மட்டும் இன்னொரு தடவை எடுத்துக்கலாமா? உள்ளேர்ந்து வர்ற மாதிரி."

அப்பா பெட்டியோடு திரும்பி நடந்தார். அறைக்கு உள்ளே, வெறும் சுவரைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, பெட்டியை வலது பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றார். "வர்றேன்."

யாரும் இன்னும் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கேமராவை அல்ல, ஒடிலியாவை.