அம்புலன்ஸ் பிரட்லிக்கு ஒரு பாராட்டு விழா

சண்டைக் காலத்தில் கதிரவெளியிலிருந்து காயக்காரரை ஏற்றிக்கொண்டு ஓடிய சாரதி பிரட்லி. போர்த்துக்கீசர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடியோரம் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு வருவார், போவார். அப்போது அவருக்கு நன்றி சொல்ல எங்களுக்கு நேரமிருக்கவில்லை. சண்டை முடிந்தபின் நேரம் தாராளமாகக் கிடைத்ததால் விழாவே எடுத்துவிட்டோம்.

விழாக் குழுத் தலைவர் உதயரூபன். பிரட்லி மட்டும் வந்தால் போதாதாம், அம்புலன்ஸும் வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கேட்டு வரவழைத்து, அதற்கும் மாலை போட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்திவைத்தார். பிறகு, பிரதம விருந்தினரான அரசியல்வாதி கொழும்பிலிருந்து வருகிறார் என்று கேற்றைப் பூட்டிக் காவலும் போட்டார். காலை விழா. மத்தியானமாகியும் மனிதரைக் காணவில்லை. பிரட்லி கோட்டுக்குள் வேர்த்து ஒழுகியபடி மேடையில் இருந்தார்.

அப்போதுதான் அன்னப்பூரணியின் மகள் யசோதினிக்கு வலி கண்டது. இன்னும் நாளிருக்கிறது என்று நம்பி விழா பார்க்க வந்த பிள்ளை. பன்னீர்க்குடமும் உடைந்துவிட்டது. பிரட்லி மேடையிலிருந்து குதித்தார், அவளை ஏற்றினார், வண்டியைக் கிளப்பிக் கேற்றடிக்கு வந்தார். கேற் திறக்கவில்லை.

"பிரதம விருந்தினர் வந்தாத்தான் திறக்கச் சொன்னது," என்றான் காவல்காரன்.

உதயரூபன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கொஞ்சம் பொறுங்க ஐயா, பொன்னாடையே உங்களுக்குத்தானே!"

"சண்டை நேரம் மாங்கேணியில ரெண்டு பக்கமும் துவக்கோட நிண்டானுகள்," என்றார் பிரட்லி. "அவனுகளே எனக்கு வழி விட்டானுகள் மனே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உதயரூபனை ஓங்கி அறைந்திருப்பேன். நல்லவேளை, அன்னப்பூரணிக்கு ஆத்திரத்தோடு மூளையும் இருந்தது. விருந்தினரை வரவேற்று, நாக்கைச் சுழற்றிக் குரவையிட என்று வெளியே தெருவோரம் சில பெண்களைக் காலையிலிருந்தே வெயிலில் நிறுத்திவைத்திருந்தார்கள். அவள் மதிலோரம் ஓடிப்போய் அவர்களை எட்டிப் பார்த்து, "குரவையப் போடுங்க புள்ளயள்!" என்றாள்.

போட்டார்கள். குரவை கேட்டால் விருந்தினர் வந்துவிட்டார் என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மேளம் முழங்கியது. யாரோ வெடி கொளுத்தினார்கள். காவல்காரன் பதறியடித்துக் கேற்றை அகலத் திறந்தான். உதயரூபன் மாலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் பாய, அவரை உரசாத குறையாக அம்புலன்ஸ் பறந்தது.

யசோதினிக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்று, வண்டியில் ஏற முடியாமல் பின்தங்கிவிட்ட அன்னப்பூரணிக்குப் பின்னேரம் செய்தி வந்தது. நான் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகுதான் பிரதம விருந்தினரின் வாகனங்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. அவர் கைகூப்பியபடி இறங்கினார். தெரு அமைதியாக இருந்தது. உதயரூபன் அன்னப்பூரணியின் காதோரம் குனிந்து கெஞ்சினார்.

"அக்கா, குரவை போடச் சொல்லுங்களன்."

"போட்டாச்சு தம்பி," என்றாள் அவள். "பெரிய மனிசர் அப்பவே போயிட்டார்."