விளையாட்டுக்கு ஒத்திகை

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாத்தனாரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கப் போய்விடும். அம்மாவிடம் சொன்னால் "நான் அப்பவே சொன்னேன்" என்பாள். எப்போது சொன்னாள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வாள். ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் செய்தது இதுதான்: என் மகளுக்கு விளையாடச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரம், தினமும் அரை மணி நேரம், வரி வரியாக மனப்பாடம்.

எனக்குத் துணி ஃபேக்டரியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்து, பிசிறு, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்க வேண்டும். குறை இருக்கும் இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஆல்டர் கூடையில் போட வேண்டும். அது திரும்பத் தையலுக்குப் போகும். குறை இல்லாவிட்டால் ஒரு தட்டுத் தட்டி, பாஸ். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு என்பதால் பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் முகம் என் கண்ணில் படாது, காலர் கோணலாக இருப்பதுதான் படும். வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். "உன் கண்ணுல பட்டு, தப்பிச்சது ஒண்ணுகூட இல்லை, என்னையும் சேர்த்து" என்று கிண்டல் செய்வார்.

மகள் பட்டாணிக்கு அப்போது மூன்றே முக்கால் வயது. குறைமாதத்தில் பிறந்து, உருண்டையாகச் சுருண்டு கிடந்ததால் அவள் அப்பா வைத்த பெயர். அவளுக்குப் பேச்சு திக்கும். க, ச, ப, த எல்லாம் தொண்டையிலேயே நின்று, இரண்டு மூன்று தடவை முட்டிவிட்டுத்தான் வெளியே வரும். ம, வ என்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இதை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவள் முட்டும்போதெல்லாம் "நிறுத்து, மூச்சு விடு, மறுபடி சொல்லு" என்பேன். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். அவள் பேசுவது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்ததை, அடங்கி நடக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவளைச் சேர்த்த பள்ளியில் முதல் வருஷம் முழுக்க விளையாட்டுதான். எழுத்து கிடையாது, நோட்டு கிடையாது. பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு பெற்றோரைக் கூப்பிட்டு, எப்படித் தயாராவது என்று டீச்சர் சொன்னார். அழுக்கானால் பரவாயில்லாத துணி கொடுத்து அனுப்புங்கள். சாப்பாட்டு டப்பாவைக் குழந்தையே திறந்து மூடப் பழகட்டும். தினமும் அரை மணி நேரம் கூட உட்கார்ந்து விளையாடுங்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள், குழந்தை எங்கே போகிறதோ அங்கே போங்கள். கடைசியாக, "ஒவ்வொரு வீட்டுக்கும் நான் ஒரு தடவை வருவேன். சும்மா உங்க குழந்தையோட அரை மணி நேரம் விளையாடத்தான்" என்றார்.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: வீட்டுக்கு வருவார், பார்ப்பார்.

எங்கள் ஃபேக்டரியில் ஆர்டர் கொடுத்தவர்கள் சரக்கைப் பார்க்க வரும்போது என்ன செய்வோம் தெரியுமா? ஒரு வாரம் முன்பே தரை பளபளக்கும். ஆல்டர் கூடைகள் பின்பக்கம் போய்விடும். ஒவ்வொரு பெட்டியிலும் மேலே நான்கு நல்ல பீஸாகப் பொறுக்கி அடுக்குவோம். எனக்குத் தெரிந்த தயாரிப்பு அதுதான். அதையே பட்டாணிக்கும் செய்தேன்.

புதுக் கட்டைகள் ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு சின்ன நாடகம் போல எழுதினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காகிதத்தில் எழுதினேன். அவளுக்கு முட்டாத எழுத்துகளாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். கட்டையை அடுக்க வேண்டும். "மாடி வீடு" என்று சொல்ல வேண்டும். மேலே ஒரு நீலத் துணி போட்டு, "மேல மழை வருது" என்று சொல்ல வேண்டும். பேர் கேட்டால் சிரித்துவிட வேண்டும், ஏனென்றால் பேரே ப-வில் தொடங்குகிறது.

"விளையாடறதுக்கு டிரெய்னிங்கா?" என்றார் வீட்டுக்காரர். "நல்லா இருக்கு கதை. அடுத்தது தூங்கறதுக்கு டியூஷன் வைப்பியா?"

"நீங்க சும்மா இருங்க. அன்னிக்கு இவ முட்டிக்கிட்டு நின்னா, டீச்சர் மனசுல அதுதான் பதியும். வருஷம் பூரா அப்படித்தான் பார்ப்பாங்க."

அதுதான் என் பயம். முதல் நாளே யாராவது அவள்மேல் அம்பு ஒட்டிவிடுவார்களோ என்று. பள்ளி கொடுத்த படிவத்திலும் அதனால்தான் பொய் எழுதினேன். பேச்சில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? இல்லை. வீட்டில் குழந்தையோடு விளையாடுகிறீர்களா? தினமும் அரை மணி நேரம்.

ஒரு சனிக்கிழமை காலை டீச்சர் வந்தார். கையில் பொம்மையோ புத்தகமோ இல்லை, தண்ணீர் பாட்டில் மட்டும். நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, நேரே தரையில் உட்கார்ந்தார். படிவத்தை நீட்டினேன். வாங்கிப் படிக்காமல் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரரை ஜன்னலோரம் உட்கார வைத்து, வாயைத் திறக்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன்.

பட்டாணி கட்டைகளை அடுக்கினாள். நன்றாகவே அடுக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். கண்ணாலேயே சரி என்றேன்.

"மாடி வீடு" என்றாள். துணியைப் போட்டாள். "மேல மழை வருது."

பிசிறே இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் குனிந்து கட்டைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். "மழைன்னா உள்ள இருக்கறவங்க நனையப் போறாங்களே. உள்ள யாரு இருக்கா?"

பட்டாணி திகைத்து நின்றாள். கட்டையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அதுக்கு என்ன சொல்லணும்?"

ஒரு எழுத்துகூட முட்டவில்லை. அவ்வளவு தெளிவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. என் காது சூடாகிவிட்டது. வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நல்ல மனசுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். "எனக்கும் தெரியலையே" என்றார் பட்டாணியிடம். "சரி, அந்த வீடு இருக்கட்டும். யாரும் பக்கத்துல இல்லாதப்ப நீ என்ன விளையாடுவே?"

பட்டாணி கட்டைகளில் இருந்து கையை எடுத்தாள். பிறகு எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். முந்தின நாள் நானே காலால் தள்ளி மறைத்த செருப்புப் பெட்டி அங்கே இருந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே ஃபேக்டரியில் மிஞ்சும் ஸ்டிக்கர் தாள்கள். தூக்கிப் போடுவதை நான் கொண்டுவந்து தருவது வழக்கம். பட்டாணி ஸ்டூலில் இருந்த என் மேசை விளக்கை எரியவிட்டாள். துணி பொம்மையை எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் ஒரு தையல் விட்டிருந்தது. அங்கே ஒரு சிவப்பு அம்பு. பொம்மையைச் சுவரோரம் வைத்தாள். அடுத்து கரண்டி, அதன் வளைந்த கழுத்தில் ஒரு அம்பு. அதுவும் சுவரோரம் போனது. நான் தலையைச் சாய்ப்பது போலவே சாய்த்தாள், நான் உதட்டைப் பிதுக்குவது போலவே பிதுக்கினாள்.

"என்னைப் பாக்கலையா?" என்று டீச்சர் கையை நீட்டினார். பட்டாணி அவர் சட்டைக் கையை இழுத்துப் பார்த்து, சுற்றி வந்து பார்த்து, முதுகில் தட்டினாள். பிறகு அப்பாவிடம் போனாள். அவர் தொந்தியின் நடுவில் ஒரு அம்பு ஒட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு டீச்சரிடம் ஓடிவந்து, "நீங்க ப... ப... ப..." என்று தொடங்கினாள்.

"நிறுத்து. மூச்சு விடு. மறுபடி சொல்லு."

நான்தான். யோசித்துச் சொல்லவில்லை, கை தானாக ஸ்டிக்கரை உரிப்பது போல வாயில் வந்துவிட்டது.

அவள் நிறுத்தினாள். மறுபடி சொல்லவில்லை. தாளில் இருந்து ஒரு அம்பை உரித்தாள். கீழ் உதட்டில் ஒட்டிக்கொண்டாள், நுனி வாயைக் காட்டும்படி. ஒட்டியதை விரலால் அழுத்திச் சரிபார்த்தாள். அப்புறம் நடந்து போய், சுவரோரம் பொம்மைக்கும் கரண்டிக்கும் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும், தூக்கிச் சமாதானம் செய்திருப்பேன். அவள் ஆல்டர் பீஸ் போலப் பொறுமையாகக் காத்திருந்தாள். யார் ஒட்டிவிடுவார்களோ என்று நான் பயந்த அம்பு என் ஃபேக்டரியில் இருந்து என் கைப்பையில்தான் வந்திருந்தது.

யாராவது ஏதாவது பேசினால் தேவலை என்று இருந்தது. வீட்டுக்காரர் தொந்தியில் அம்போடு அப்படியே இருந்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடத் தோன்றியது, உண்மையைத்தான் சொல்கிறேன். சமையலறைக்கு இரண்டு எட்டுகூட வைத்தேன். பிறகு திரும்பி வந்து, பட்டாணிக்கு எதிரே விளக்கடியில் உட்கார்ந்தேன்.

"என்னைப் பாக்கவே இல்லையே" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாக எழுந்து வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றி, கண், காது, புடைத்த நரம்பு, தேய்ந்த நகம் எல்லாம் பார்த்தாள். தாள் கையிலேயே இருந்தது. ஒட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எத்தனை வேண்டுமானாலும் ஒட்டட்டும், அப்போதாவது கணக்குத் தீரும்.

"ப..." என்றாள். உதட்டில் அம்பு ஆடியது. "ப... ப..."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் அவளுக்காக நான் காத்திருந்ததே இல்லை. இவ்வளவு சின்ன நேரம்தான் அது என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

"ப... பாஸ்."

சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினாள். எனக்குக் கண் மறைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

டீச்சர் கிளம்பும்போது படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். பேச்சு என்ற இடத்தில் இருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, "திக்கும். முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்" என்று எழுதினேன். அடுத்த வரியில் 'தினமும் அரை மணி நேரம்' என்று இருந்ததையும் அடித்தேன். "இன்றுதான் முதல் தடவை" என்று எழுதினேன். கையெழுத்து கோணலாக வந்தது. டீச்சர் படித்துவிட்டு, "இது போதும்ங்க" என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். பட்டாணி கட்டைகளை ஒவ்வொன்றாகப் புதுப் பெட்டியில், கடையில் இருந்த அதே வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உதட்டு அம்பு பாதி உரிந்து தொங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள். முட்டி முட்டித்தான் கேட்டாள், நான் காத்திருந்தேன்.

"அம்மா, நான் ச... ச... சரியா விளையாடினேனா?"

அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் இருந்த கட்டைகளைத் தரையில் கொட்டினேன்.