பதினேழு எலுமிச்சை மரங்கள் இருமிய ஆடி

1909ஆம் வருடம் ஆடி முதல் தேதி காலையில், சிராங்கூன் சாலை மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால் நின்ற பதினேழு எலுமிச்சை மரங்களும் இரும ஆரம்பித்தன. சளி கட்டிய இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் அடிமரத்துப் பட்டை வெடித்துப் பழுப்பாகப் பிசின் வழிந்தது, இலை மஞ்சளாகி உதிர்ந்தது. மரங்களின் சொந்தக்காரி முத்தாயி, ரோட்டுக்குக் கல் உடைத்துக் கை காய்த்துப்போனவள். அந்தச் சதுப்பில் விதை போட்டு, ஒன்பது வருடம் வளர்த்து, காளி கோயில் மாலைக்கும் ஊறுகாய்க்கும் பழம் கொடுத்துத்தான் கல்லிலிருந்து தப்பித்திருந்தாள். மரம் போனால் மறுபடி சுத்தியல்தான்.

பக்கத்துக் கொட்டகைப் பால்காரர் அழகப்பனோ, பிசின் கொப்புளத்தைப் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அம்மை போட்டிருக்கு! ஆத்தா உன் தோட்டத்துல எறங்கிட்டா, முத்தாயி!” சாலையே தலைகால் புரியாமல் துள்ளியது. மனுஷருக்கு வருகிற ஆத்தா மரத்துக்கு வந்தது நம்ம தெருவில்தான் என்று பெருமை வேறு. அடிமரத்துக்கெல்லாம் மஞ்சள் துணி சுற்றினார்கள், வேப்பிலை செருகினார்கள். பதினோரு நாள் ஒரு வீட்டிலும் கடுகு தாளிக்கவில்லை. மரங்களின் உடம்பு குளிர வேண்டுமென்று, வேளைக்கு நூறு குடம் மஞ்சள் தண்ணீரை வேரில் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட இருமல் கூடியது. பன்னிரண்டாம் நாள் அது ரோச்சோர் ஆற்றுப் படகுக்காரர்கள் வரை கேட்டது.

அந்த வழியாகச் சைக்கிளில் வந்த தில்லையம்பலம் மூக்கைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்ட இலாகாவில் குமாஸ்தா. பயிர் நோய்களைப் பற்றித் துரைமார் எழுதும் கடிதங்களை ஆறு வருடமாக நகலெடுத்து, துரைமாரைவிட அதிகம் தெரிந்து வைத்திருந்தார். “இது அம்மையில்லை அக்கா, பூஞ்சணம். ஈரத்தைக் கண்டால் அதுக்குக் கொண்டாட்டம். வேர் அழுகுது, இனி ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாதேங்கோ!” என்றார். அழகப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆத்தாள வெரட்ட நீ யாருய்யா?” குடத்தோடு நின்ற கூட்டம் முழுவதும் முத்தாயியைப் பார்த்தது.

முத்தாயி கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். “நீயா இருந்தா என்னைய அடி ஆத்தா. பூஞ்சணமா இருந்தா கொஞ்சம் வெலகிக்க.” ஒரே இழுப்பில் மஞ்சள் துணியை அவிழ்த்தாள். உள்ளே பட்டை சொதசொதவென்று விரலோடு வந்தது, நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் கூடவே வந்தது. அழுகலை அரிவாளால் சீவினாள். தில்லையம்பலம் சட்டையைக் கழற்றிவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக் காயத்தில் பூசினார். பிறகு வேருக்குக் காற்றுப் பட வேண்டுமென்று இருவரும் மண்ணைத் தோண்டினார்கள்.

மண் விலகியதும் முதல் மரம் நீளமாக ஒரு மூச்சு விட்டு, வேரைச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டு ஒரு முழம் மேலே எழும்பியது. அடுத்தது எழும்பியது. அந்த நசநசப்பில் இனிமேல் கால் வைக்க அவற்றுக்கு மனமில்லை என்பது பார்த்த எல்லாருக்கும் புரிந்தது. நல்ல கடல்காற்று வேறு அடித்தது. பதினேழும் கொட்டகைக் கூரைக்கு மேலே போனபோது முத்தாயி ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “ஐயோ, போகுதே! கயிறு! கயிறு கொண்டாங்க!” என்று அலறினாள். முதலில் ஓடிவந்தவர் அழகப்பன்தான். தன் மாடுகளை அவிழ்த்துவிட்டு அத்தனை கயிற்றையும் கொண்டுவந்தார். அரை மணி நேரம் சிராங்கூன் சாலை முழுக்கக் கூச்சலும் சிரிப்புமாக மரம் பிடித்தது. வீடுகளுக்குள் புகுந்த மாடுகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசி மரத்தையும் மாட்டுமுளையில் கட்டி முடித்தபோதுதான் ஒருவருக்கு உறைத்தது, இருமல் நின்றிருந்தது.

அடுத்த தையில் கிளை முறியக் காய்த்தன. வெள்ளம் வந்த வருடங்களில் கயிற்றை இரண்டு ஆள் உயரம் நீட்டிவிட்டார்கள். கீழே அழகப்பனின் கன்றுகள் நிழலுக்குப் படுத்தன. அந்தப் பக்கம் போகிறவர்கள் வேரில் தலை இடிக்காமல் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். முத்தாயி தினமும் காலையில் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்து மரங்களை இறக்குவாள், பழம் பறிப்பாள், மறுபடி மேலே விட்டுவிடுவாள்.