ஹீ வில் புல் த்ரூ

டைல்ஸ் கடையில் சேல்ஸ்மேனாக இருக்கும் மருமகனுக்குக் குடும்பத்தில் டிக்‌ஷனரி என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார். இங்கிலீஷில் 'புல்' என்றால் இழு. காலை இழுத்தால் கேலி, கயிற்றை இழுத்தால் சிபாரிசு, சாக்ஸை இழுத்துவிட்டால் ஒழுங்காக வேலை பார் என்று சாப்பிடுகிறவர்களைக்கூட விடாமல் பாடம் எடுப்பார். தெரியாது என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது.

மாமனார் ரிட்டயர்டு பஸ் டிரைவர். அவர் நிமோனியாவில் நினைவில்லாமல் கிடந்தபோது பார்த்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் பேசுவதற்கு மருமகனை முன்னால் தள்ளினார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றியபடியே, "ஹீ வில் புல் த்ரூ" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

மருமகனுக்கு 'இழு' புரிந்தது, மிச்சம் புரியவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மனைவி பக்கத்தில் நிற்கிறாளே, கௌரவம் என்ன ஆவது?

"என்னங்க சொன்னாரு?" என்றாள் அவள்.

"இழுத்துக்கிட்டிருக்காம்."

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் அழவில்லை. அப்பாவின் காதருகே குனிந்தாள். "போதும்ப்பா, கஷ்டப்படாம போயிடுங்க. அம்மாவை நாங்க பாத்துக்கறோம்." கொஞ்சம் நிறுத்தி, "எங்களாலயும் முடியலப்பா" என்றாள். அதற்குள் மருமகன் உறவுக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் மாமனார் கண்ணைத் திறந்தார். சாயங்காலம் பால் கேட்டார். மருமகன் வராந்தாக் கோடிக்குப் போய் டாக்டர் சொன்னதைப் போனில் தேடினார். 'பிழைத்துக்கொள்வார்' என்று போட்டிருந்தது. அவருக்குக் காதெல்லாம் சுட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டுக்கு வந்தபின் மாமனார் எல்லாரிடமும் பேசினார், மகளிடம் மட்டும் இல்லை. அவள் மாத்திரையோடு வந்தால், "உனக்கெதுக்கும்மா சிரமம்" என்று அவள் அம்மாவைக் கூப்பிடுவார்.

"நான் சொன்னது அப்பாவுக்குக் கேட்டிருக்குங்க" என்று அவள் அடுக்களையில் நின்று அழுதாள். மருமகன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்த கையைப் பார்க்க அவருக்கே கூசியது. இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்ற, அப்படியே மாமனாரின் அறைக்குப் போனார்.

"மாமா, தப்பு என்மேல. நீங்க பொழைச்சுக்குவீங்கன்னுதான் டாக்டர் சொன்னாரு. எனக்கு அர்த்தம் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு, இழுத்துக்கிட்டிருக்குன்னு சொல்லிட்டேன். அதை நம்பித்தான் அவ அப்படிப் பேசினா."

பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்ற மனைவி அவரை வெறித்துப் பார்த்தாள். அவளுக்கும் இப்போதுதான் தெரியும். அவர் தலை தானாகக் குனிந்தது.

மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போயிடுங்கன்னு சொன்னது உங்க இங்கிலீஷால வந்தது மாப்ள. அதை விட்டுடலாம்" என்றார். "எங்களாலயும் முடியலன்னு சொன்னாளே, அது அவளோட தமிழ்தானே?"

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.