ஆட்சேபம் உள்ளவர்கள் மட்டும்

தெலுங்கு ஊரான திருமுல்கேரியில், அந்தக் காலனியில் முக்கால்வாசி வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கும். ஒன்று ஓட்டுவதற்கு, இன்னொன்று துணி போட்டு மூடி வைப்பதற்கு. கல்பகத்தின் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அவள் கணவர் பாலாநகர் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். கார் வாங்கும் பேச்சு அதோடு போயிற்று. அந்த வாசலுக்குத் தினமும் காலையில் வருவது மெட்டுகுடாவில் இருக்கும் அரசாங்கப் பகல் காப்பகத்தின் வேன் மட்டும்தான். மகள் மஹதியை ஏற்றிக்கொண்டு போகும்.

மஹதிக்கு உடம்புக்கு இருபத்திநாலு வயது, மனசுக்கு நாலோ ஐந்தோ. புரிகிற பாஷை தமிழ் ஒன்றுதான். கல்பகம் அவளை முதலில் பெரிய பெரிய தனியார் இடங்களில் சேர்த்துப் பார்த்தாள். படித்த டீச்சர்கள் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் கொஞ்சினார்கள். பெண் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து தன் கையைத் தானே கடித்துக்கொண்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

காப்பகத்தில் நாகம்மா இருந்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஆயா. வீட்டில் பேசுகிற வடாற்காட்டுத் தமிழை அப்படியே காப்பகத்துக்கும் கொண்டு வந்தாள். "வா கண்ணு, இன்னா கோவம் எம்மேல?" என்று அவள் கேட்ட முதல் நாளே மஹதி மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். அப்புறம் தானாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள், பாத்ரூம் வந்தால் சொல்லக் கற்றுக்கொண்டாள். கையில் எது கிடைத்தாலும் பாதியைப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நாகம்மா போட்ட சட்டம். மஹதி ஒரு நாளும் அதை மீறியதில்லை.

அந்தக் காப்பகத்துக்கு இனிமேல் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூடிவிடப் போகிறார்களாம். ஒரே ஒரு வழி இருந்தது. இரண்டாவது காருக்கும் பெரிய பங்களாவுக்கும் மாநில அரசு கொஞ்சம் கூடுதல் வரி போட யோசித்துக்கொண்டிருந்தது. அது வந்தால் இந்த மாதிரி இடங்கள் பிழைக்கும். இவ்வளவுதானா என்று நினைத்தாள் கல்பகம். மூடி வைத்திருக்கிற காருக்கு வரி, யார் வேண்டாம் என்பார்கள்? நாற்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் அவளுக்கு உலகம் தெரியவில்லை.

வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது. மஹதிக்கு நன்கொடை வேண்டுமானால் தருகிறோம் என்று நாலு பேர் உடனே பர்ஸை எடுத்தார்கள். நன்கொடை வேண்டாம், வரிக்கு ஒப்புக்கொள்ளுங்கள் போதும் என்று அவள் சொன்னதும் முகம் மாறிவிட்டது. தானம் கொடுத்தால் பெயர் கிடைக்கும், வரி கட்டினால் ரசீதுதான் கிடைக்கும். காலனி சங்கத்துச் செயலாளர் ஸ்ரீனிவாஸ் அவள் கணவருக்குக் கீழே வேலை பார்த்தவன். அரசாங்கத்திடம் கொடுக்கும் பணம் பாதி வழியிலேயே காணாமல் போகிறது என்று அவன் மரியாதையாகவே எடுத்துச் சொன்னான். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் மீதிப் பாதியில்தான் நாகம்மா சம்பளம் வாங்குகிறாள் என்று கல்பகத்துக்கு வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் சொல்லத் தோன்றியது.

கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வரலாம் என்று போட்டிருந்தது. ஆட்சேபம் இல்லாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்பகம் போவதென்று தீர்மானித்தாள். சங்கம் ஏற்பாடு செய்திருந்த வேனிலேயே வரச் சொன்னான் ஸ்ரீனிவாஸ்.

"நான் உங்களுக்கு எதிராப் பேசப்போறேன் ஸ்ரீனிவாசா. தெரிஞ்சுண்டுதானே கூப்பிடறே?"

"ஹவ், ஆமா மாமி, தெரியும். ஆட்டோக்கு எதுக்கு தண்டச் செலவு, நக்கோ, வேண்டாம். ஏறுங்கோ."

எவ்வளவு நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டு ஏறினாள்.

அரங்கத்து வாசலில் ஒரு குமாஸ்தா பெயர் எழுதி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். வரி வேண்டும் என்று சொல்ல வந்திருப்பதாகக் கல்பகம் தன் தெலுங்கில் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுந்து உள்ளே போய்க் கேட்டுவிட்டும் வந்தார். ஆட்சேபத்துக்குத்தான் டோக்கன் இருக்கிறது, டோக்கன் இல்லாமல் மைக் கிடையாது, சம்மதம் என்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே அம்மா என்று வருத்தத்தோடு சொன்னார். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. சீக்கிரம் என்று யாரோ முனகினார்கள். பேசாமல் திரும்பிப் போவதா, ஆட்சேபக்காரியாக உள்ளே போவதா? அவள் டோக்கனை வாங்கிக்கொண்டாள். பேசினால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்ன என்று ஒரு நம்பிக்கை.

அவளுடைய முறை வந்தது. தெலுங்கில்தான் ஆரம்பித்தாள். மஹதியின் பெயரைச் சொன்னதும் பேச்சு தன்னால் தமிழுக்கு மாறிவிட்டது.

"இவ்வளவு பெரிய ஊர்ல என் பொண்ணோட பேசறதுக்கு ஒரே ஒரு மனுஷிதான் இருக்கா. அவளை அனுப்பிடாதீங்கோ. வரி போடுங்கோ. என் வீட்டுக்கும் சேர்த்துப் போடுங்கோ."

மேடையிலிருந்த, தமிழ் தெரியாத அதிகாரி பொறுமையாகத் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். எல்லோருக்கும் கை தட்டினதைப் போல இவளுக்கும் தட்டினார்கள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

உத்தரவு வந்தபோது அதில் ஒரு வாக்கியம்தான் முக்கியமாக இருந்தது. ஆஜரான அனைவரும் ஆட்சேபம் தெரிவித்ததால் வரி கைவிடப்படுகிறது. கல்பகம் இரண்டு பஸ் மாறி உத்தரவு போட்ட அலுவலகத்துக்கு ஓடினாள். குமாஸ்தாவுக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது. நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவளுடைய பெயர் ஆட்சேபப் பதிவில் பத்திரமாக இருக்கிறது, யாராலும் எடுக்க முடியாது என்று ஆறுதல் சொன்னார். அவரிடம் சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. போகாமல் இருந்திருந்தாலாவது எதிராளிக் கணக்கில் ஒரு தலை குறைந்திருக்கும் என்ற நினைப்பு வழியெல்லாம் அவளைப் பிடுங்கித் தின்றது.

குடும்பப் பென்ஷனில் பாதியைத் தருகிறேன், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள் என்று நாகம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். நாகம்மாவை நம்பி அவள் வீட்டில் நாலு வயிறு, அந்தப் பணம் எந்த மூலைக்கு? ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். "எனக்கு எங்கயாச்சும் ஒரு வேலை கெடைச்சிடும் மாமி," என்றாள். "கண்ணு எங்க போவும்?"

காப்பகம் மூடின மறுநாள் காலை மஹதி வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு வாசல் கேட் அருகே போய் நின்றாள். எத்தனை சொல்லியும் உள்ளே வர மறுத்தாள். அப்போது ஸ்ரீனிவாஸ் பெரிய ஸ்வீட் டப்பாவோடு வந்தான். வீட்டுக்கு ஒரு லட்டு என்று சங்கம் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கோங்கோ மாமி. உங்க தலையையும் சேர்த்துத்தான் எண்ணினா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றைக்கு ஆட்டோச் செலவு எதற்கு என்று அவன் வேனில் ஏற்றிக்கொண்டது எதற்காக என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கிற்று. கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. அவள் வாங்காத லட்டை அவன் மஹதியின் கையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

மஹதி லட்டைச் சரிபாதியாகப் பிட்டாள். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு பாதியை அம்மாவுக்குக் கொடுப்பாள் என்று நினைத்துக் கல்பகம் கையை நீட்டினாள். மஹதி தலையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து, உதிராமல் அதற்குள் வைத்து மூடினாள்.

"நாகுக்கு," என்றாள்.

"நாகு இனிமே வரமாட்டாடி கண்ணே."

மஹதி டப்பாவின் மூடியை இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு தெருக்கோடியில் வேன் திரும்புகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறிய பிறகும் வேன் வரவில்லை என்றதும், மெதுவாகக் கையைத் தூக்கி, பழைய தழும்பின் மேலேயே கடித்தாள்.